அறிவிப்பாளர் யார்?

ஒரு செய்தி நம் செவியை வந்து எட்டுமாயின், இரண்டு வினாக்கள் உடன் எழுதல் வேண்டும். சொல்லப்பட்டது யாது? சொன்னவர் யார்? முன்னதை மத்ன் என்றும் பின்னதை ஸனது என்றும் ஹதீஸ் கலையினர் வகுத்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரால் இட்டுக்கட்டப்பட்ட பொய்களைக் களைவதற்கென்றே வளர்ந்த கலை அது. அறிவிப்பாளர் எவ்வூரார், யாரிடம் கேட்டார், அவருடைய நினைவாற்றல் எத்தகையது, கேட்டதாகச் சொல்கிறாரே அவரை உண்மையில் சந்தித்ததுண்டா என ஆயிரக்கணக்கான மனிதர்களின் வாழ்வைத் துருவி ஆராய்ந்து பெருநூல்கள் எழுதப்பெற்றன. இத்துணைப் பெரிய தராசு கையில் இருந்தும், அதை ஹதீஸ் வகுப்பின் நான்கு சுவர்களுக்குள்ளே பூட்டி வைத்துவிட்டோமோ என்னும் ஐயமே இக்கட்டுரைக்குக் காரணம்.

நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது ஒரு நூல். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதல்களை ஆராய, அந்நாட்டுச் சட்டத்தின்படி 2002 நவம்பரில் ஓர் ஆணையம் அமைக்கப்பெற்றது. தாமஸ் கீன் தலைவர். லீ ஹாமில்டன் துணைத்தலைவர். இரு பெருங்கட்சிகளிலிருந்தும் ஐவர் ஐவராகப் பதின்மர் உறுப்பினர். பத்து நாடுகளில் 1,200 பேருக்கு மேற்பட்டோரை விசாரித்து, 25 இலட்சம் பக்கங்களுக்கு மேற்பட்ட ஆவணங்களைப் பார்வையிட்டு, 2004 ஜூலை 22 இல் அவர்கள் தம் அறிக்கையை வெளியிட்டனர். அரசாங்க அறிக்கைக்கு இலக்கிய ஏட்டில் என்ன வேலை என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். அவ்வாண்டு அமெரிக்காவின் தேசிய நூற்பரிசுக்கு இறுதிச் சுற்றுவரை வந்த நூல்களுள் இதுவும் ஒன்று. இலக்கியமென்று பிறர் ஏற்ற ஒன்றை இலக்கியமாகவே படித்து மதிப்பிடுதல் நம் கடன்.

முதலில் அதன் சிறப்பைச் சொல்லிவிடுவோம். முதல் அத்தியாயம் ஒரு தெளிந்த காலைப்பொழுதில் தொடங்குகிறது. வேலைக்குப் புறப்படுவோர், விமான நிலையத்தில் வரிசையில் நிற்போர் எனக் காட்சிகள் நிதானமாக விரிகின்றன. பின்னர் மணியும் நிமிடமுமாகக் கதை நகர்கிறது. 8:46 க்கு வடகோபுரம். 9:03 க்குத் தென்கோபுரம். 9:37 க்குப் பென்டகன். 10:03 க்குப் பென்சில்வேனியாவின் வயல்வெளி. ஏறத்தாழ 3,000 உயிர்கள் மாண்ட அந்தக் காலையை எழுதுகையில் ஆசிரியர்கள் அழவும் இல்லை, ஆர்ப்பரிக்கவும் இல்லை. அடைமொழிகளை அள்ளித் தெளிக்காமல், நேரத்தையும் இடத்தையும் மட்டும் சொல்லி நெஞ்சைப் பிழியும் நடை அது. குழுவாக எழுதப்பெற்ற ஒரு நூலில் இத்தகைய அடக்கம் அரிது.

நூலின் நடுவே மற்றொரு கதை ஓடுகிறது; செய்தி இருந்தும் உரியவரைச் சேராத கதை. 2000 ஜனவரியில் கோலாலம்பூரில் அல்-காயிதாவினர் சிலர் கூடியதை அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. அறிந்திருந்தது. அவர்களுள் காலித் அல்-மிஹ்ளார், நவாஃப் அல்-ஹாஸிமி என்னும் இருவர் அம்மாதம் 15 இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வந்திறங்கினர். அவர்கள் பெயர்கள் கண்காணிப்புப் பட்டியலில் ஏறியதோ 2001 ஆகஸ்ட் மாதக் கடைசியில். அதற்குள் காலம் கடந்துவிட்டது. பென்டகனில் மோதிய விமானத்தில் அவ்விருவரும் இருந்தனர். ஒரு துறை அறிந்ததை மறு துறை அறியவில்லை. நம் கலையின் மொழியில் சொன்னால், மத்ன் சரியாக இருந்தது. ஸனது நடுவில் அறுந்து கிடந்தது. கற்பனை, கொள்கை, திறன், நிர்வாகம் ஆகிய நான்கிலும் தோற்றோம் என்று ஆணையம் தன் நாட்டு அரசையே நோக்கி எழுதியது பாராட்டுக்குரிய நேர்மை.

இனிக் குறைக்கு வருவோம். இத்தாக்குதலின் மூலம் எது, திட்டம் எங்கே கருவுற்றது என்பதை அறிக்கையின் 5, 7 ஆம் அத்தியாயங்கள் கூறுகின்றன. 1996 இல் ஆஃப்கானிஸ்தானில் உஸாமா பின் லாதினைக் காலித் ஷேக் முஹம்மது சந்தித்தது, முதலில் பத்து விமானங்களைக் கைப்பற்ற எண்ணியது, பத்தாவதைத் தாமே இறக்கி உலகோருக்கு உரை நிகழ்த்த அவர் கனவு கண்டது என நாடகம்போல் செல்லும் பக்கங்கள் அவை. படிப்பவர் மனத்தில் ஆழப் பதிபவையும் அவையே. ஆனால், இச்செய்திகளைச் சொன்னவர் யார்? அடிக்குறிப்புகளைப் புரட்டினால் ‘விசாரணை’ என்னும் சொல்லும் ஒரு தேதியும் மட்டுமே மீண்டும் மீண்டும் வருகின்றன. நூலின் அடிக்குறிப்புகளுள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இத்தகையவை என 2008 இல் என்.பி.சி. தொலைக்காட்சி எண்ணிக் காட்டியது.

ஆணையத்தினர் அக்கைதிகளை ஒருமுறையேனும் கண்டதில்லை. தம் வினாக்களை எழுதிக் கொடுத்தனர். அவை கேட்கப்பட்டனவா, எப்பொழுது, எம்முறையில் கேட்கப்பட்டன என்பதில் அவர்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. விசாரித்த அதிகாரிகளோடு பேசவும் அனுமதி மறுக்கப்பட்டது. இவ்வளவையும் 5 ஆம் அத்தியாயத்தில் கட்டமிட்ட ஒரு சிறு பகுதியில் ஆணையமே ஒப்புக்கொள்கிறது. ஆகவே, இடைப்பட்ட அறிவிப்பாளரை மறைத்து நேரில் கேட்டதுபோல் காட்டும் ‘தத்லீஸ்’ என்ற குற்றத்தை அவர்கள்மேல் நாம் சுமத்த இயலாது. எனினும் அந்தக் கட்டத்தைத் தாண்டியதும் கதை பழையபடியே உறுதியான குரலில் நடக்கிறது. கட்டத்தைப் படித்தவரும் மூன்று பக்கங்களில் அதை மறந்துவிடுவார். ஐயத்தை ஓரிடத்தில் அடைத்துவிட்டு எஞ்சிய இடமெங்கும் ஐயமின்றி எழுதுவது, நடையின் குறையன்று, நீதியின் குறை.

பெயர் கூறப்படாத அறிவிப்பாளரை நம் கலையினர் ‘முப்ஹம்’ என்பர். “நம்பத் தகுந்த ஒருவர் எனக்குச் சொன்னார்” என்று ஒருவர் அறிவித்தால், அந்த ஒருவர் யாரெனத் தெரியாதவரை அச்செய்தியை ஏற்பதில்லை என்பது ஹதீஸ் கலையினர் பலரின் முடிவு. சொல்பவருக்கு நம்பத் தகுந்தவராகத் தோன்றியவர் பிறர் ஆராய்ச்சியில் வேறாகலாம் அல்லவா? ஆணையத்திற்கும் கைதிக்கும் இடையே நின்ற விசாரணையாளர்கள் அனைவரும் முப்ஹம்கள். பெயரில்லை, முகமில்லை.

பின்னர் உண்மை சிறிது சிறிதாக வெளிவந்தது. 2003 மார்ச் மாதத்தில் காலித் ஷேக் முஹம்மது 183 முறை நீரால் மூச்சுமுட்டும் வதைக்கு உள்ளாக்கப்பட்டார் என்பது 2009 இல் வெளியான அரசு ஆவணங்களால் தெரிந்தது. அபூ ஸுபைதா என்ற மற்றொரு கைதிக்கு 2002 ஆகஸ்டில் அதே வதை குறைந்தது 83 முறை. விசாரணையின் ஒளிநாடாக்கள் 2005 இல் அழிக்கப்பட்டன. தாம் கேட்டபோது அவை இருப்பதே மறைக்கப்பட்டது என்று கீனும் ஹாமில்டனும் 2008 இல் வெளிப்படையாகக் குறைகூறினர். வதை நிற்க வேண்டுமென்பதற்காகப் பொய்யும் கலந்து சொன்னதாகக் காலித் ஷேக் முஹம்மது செஞ்சிலுவைச் சங்கத்தாரிடம் கூறினார்.

நம் ஃபிக்ஹு நூல்களில் ‘இக்ராஹ்’ என்றொரு பாடம் உண்டு. வற்புறுத்தலின் கீழ்ப் பெறப்பட்ட ஒப்புதல் பற்றியது அது. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவரும் பக்தாதின் பெரிய காழியுமான அபூ யூஸுஃப் (ரஹ்), கலீஃபா ஹாரூன் ரஷீதுக்கு எழுதிக் கொடுத்த ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நூலில், பட்டினியும் அச்சமும் சிறையும் ஒருவனைத் தனக்கு எதிராகவே பொய் சொல்லச் செய்யும் என்னும் உமர் (ரலி) அவர்களின் கருத்தை எடுத்துக்காட்டுகிறார். அடித்துப் பெற்ற சொல்லை வைத்துத் தீர்ப்பளிக்காதே என்று பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு காழி தம் மன்னருக்கே எடுத்துரைத்தார் என்பதை எண்ணிப் பார்க்கிறோம்.

அவ்வாறாயின் அறிக்கை முழுவதும் பொய்யா? அவசரக்காரர் அப்படிச் சொல்வர். ஹதீஸ் கலை அப்படிச் சொல்லாது. ஓர் அறிவிப்பு பலவீனமானால், அதே செய்திக்கு வேறு வழியில் சான்று உண்டா என்று அக்கலை தேடும். அதற்கு ‘ஷாஹித்’ என்று பெயர். இங்கே ஷாஹித் உண்டு. அல்-ஜஸீரா தொலைக்காட்சியின் செய்தியாளர் யுஸ்ரி ஃபூதா, 2002 இல் கராச்சியில் காலித் ஷேக் முஹம்மதையும் ரம்ஸி பின் அல்-ஷீபாவையும் நேரில் சந்தித்தார். அப்பொழுது அவர்கள் சிறைப்படவில்லை; எவரும் அவர்களை வதைக்கவில்லை. தாக்குதல் தம் வேலையே என்று அவர்களாகவே பெருமையோடு சொன்னார்கள். அது அவ்வாண்டு செப்டம்பரில் ஒளிபரப்பானது. 2001 செப்டம்பரில் தமக்குத் தொடர்பில்லை என்று அறிக்கை விட்ட உஸாமா, 2004 அக்டோபரில் அதே தொலைக்காட்சி ஒளிபரப்பிய படத்தில் பொறுப்பைத் தாமே ஏற்றார். வற்புறுத்தலின்றித் தன் வாயால் ஒருவர் சொல்வதை ‘இக்ரார்’ என்கிறது நம் சட்டம். அது சான்றுகளுள் வலியது.

ஆகவே நாம் வந்தடையும் முடிவு இது: செய்தவர் யார் என்னும் அடிப்படை ஐயமின்றி நிற்கிறது. திட்டம் வளர்ந்த விதம், யார் எப்போது என்ன எண்ணினார் என்னும் நுணுக்கங்களோ பலவீனமான அறிவிப்புகளின்மேல் நிற்கின்றன. அறிக்கை இவ்விரண்டையும் ஒரே குரலில் சொல்லியிருக்கிறது. ஸஹீஹையும் ளயீஃபையும் ஒரே மையில் எழுதிய நூலாகவே இதை நாம் மதிப்பிடுகிறோம்.

இது வெறும் நூலாராய்ச்சி என்று எண்ணிவிடலாகாது. பலவீனமான ஓர் அறிவிப்பு ஒரு நாட்டையே அழித்ததைக் கண்டோம். இப்னு ஷைக் அல்-லீபி என்ற கைதி எகிப்துக்கு அனுப்பப்பட்டார். அல்-காயிதாவினருக்கு இராக் நச்சு ஆயுதப் பயிற்சி அளித்தது என்று அங்கே அவர் சொன்னார். 2003 பிப்ரவரி 5 இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கோலின் பவல் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு மன்றத்தில் அச்செய்தியை உலகோர் முன் வைத்தார். கைதியின் பெயரைச் சொல்லவில்லை; மூத்த பயங்கரவாதி ஒருவர் என்ற அளவோடு நிறுத்தினார். உலகின் மிக உயர்ந்த அவையில் ஒரு முப்ஹம்! அடுத்த மாதமே போர் மூண்டது. 2004 இல் அல்-லீபி தம் சொல்லைத் திரும்பப் பெற்றார். இராக்குக்கும் அல்-காயிதாவுக்கும் இடையே கூட்டுச் செயற்பாடு இருந்ததற்குச் சான்றில்லை என்று இந்த ஆணையமே எழுதிற்று. அதற்குள் பக்தாத் வீழ்ந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. அபூ யூஸுஃப் இருந்து எழுதிய அதே பக்தாத்! அப்போரிலும் அதன் பின்விளைவுகளிலும் மாண்ட பொதுமக்கள் ஓர் இலட்சத்துக்கும் மேல்.

ஒற்றன் கொணர்ந்த செய்தியையும் மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்த பின்னரே கொள்ள வேண்டும் என்று வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் வேந்தர்க்கு விதித்தார். அரபுக் கலைக்கும் தமிழ் அறநூலுக்கும் பொதுவான இந்த எளிய விதியை, வல்லரசின் அறிஞர் கூட்டம் மறந்தது வியப்பே.

வதையின் மற்றொரு விளைவையும் சொல்ல வேண்டும். 2003 மார்ச்சில் பிடிபட்ட காலித் ஷேக் முஹம்மதின் வழக்கு குவாண்டநாமோ படைமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. வதைத்துப் பெற்ற சொல்லைச் சான்றாகக் கொள்ளலாமா என்ற வாதத்திலேயே காலம் கழிந்தது. 2024 இல் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் உடன்பாடு ஒன்று எட்டப்பட்டு, இரண்டே நாளில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரால் இரத்து செய்யப்பட்டது. கோபுரங்களில் தந்தையை இழந்த குழந்தை வளர்ந்து தானே பெற்றோராகும் காலம் கடந்தும் தீர்ப்பு வரவில்லை. வதை, கைதிக்கு மட்டும் அநீதியன்று. கொல்லப்பட்டவரின் உறவினருக்கும் அது அநீதியாக முடிந்தது.

தாக்குதலின் சிந்தனை மூலத்தைக் கூறும் 12 ஆம் அத்தியாயப் பகுதியிலும் ஓர் அறுந்த ஸனது உண்டு. இப்னு தைமிய்யாவில் தொடங்கி, வஹ்ஹாபியத்தின் நிறுவனர், இக்வான்கள் வழியாக ஸையித் குத்புவரை ஒரே தொடரில் சங்கிலி கோக்கப்படுகிறது. அது இஸ்லாத்தில் ஒரு சிறுபான்மைப் போக்கு என்றும் அறிக்கை சொல்கிறது. அந்த நேர்மையை மறைக்க மாட்டோம். ஆயினும் இப்னு தைமிய்யா 1328 இல் டமாஸ்கஸ் கோட்டைச் சிறையில் இறந்தார். குத்பு 1966 இல் கெய்ரோவில் தூக்கிலிடப்பட்டார். இடையே ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல். மங்கோலியரின் படையெடுப்புக்கு நடுவே ஒருவர் எழுதியதும், எகிப்தின் சிறைக் கொடுமைக்கு நடுவே மற்றொருவர் எழுதியதும் எவ்வாறு ஒன்றாயின? யார் யாரிடமிருந்து எதை எடுத்தார், எதை விடுத்தார்? அதைச் சொல்லாமல் பெயர்களை மட்டும் அடுக்குவது ஸனது ஆகாது. பெயர்ப் பட்டியலே ஆகும்.

இதுவரை பிறர் நூலை நிறுத்தோம். தராசின் மறுதட்டில் நம்மையும் வைக்காவிட்டால் இந்த எழுத்து வெறும் வழக்காடலாகிவிடும்.

1998 பிப்ரவரியில் உஸாமாவும் அய்மன் ளவாஹிரியும் வேறு சிலரும் கையொப்பமிட்ட ஓர் அறிக்கை இலண்டனின் அரபு நாளேடு ஒன்றில் வெளியானது. அமெரிக்கரை, படைவீரர் பொதுமக்கள் என்ற வேறுபாடின்றிக் கொல்லலாம் என்று அது கூறிற்று. ஃபத்வா என்னும் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. உஸாமா ஜித்தா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அங்கே அவர் பயின்றது ஷரீஅத் அன்று, பொருளியலும் நிர்வாகமும். ளவாஹிரி கெய்ரோவில் அறுவை மருத்துவர். நம் மதரஸாக்களில் ஒரு மாணவன் பல்லாண்டுகள் ஓதி முடித்த பின்னரே அவன் கையில் ‘ஸனது’ வழங்குகிறோம். அதற்குப் பின்னும் ஃபத்வா எழுத அவனுக்குத் துணிவு வருவதில்லை. உன் ஸனது எது, உன் ஆசிரியர் யார் என்னும் எளிய கேள்வி அந்த இருவரை நோக்கி முஸ்லிம் உலகில் உரத்து எழுந்திருக்க வேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டில் நைரோபியிலும் தாருஸ்ஸலாமிலும் குண்டுகள் வெடித்து 224 பேர் மாண்டனர். அவர்களுள் அமெரிக்கர் பன்னிருவரே. போரில்கூடப் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லலாகாது என்ற நபிவழியை எல்லாரும் அறிவோம். அறிந்தவர்கள் பேசினார்கள், 2001 இல் யூஸுஃப் அல்-கர்ளாவியும் அல்-அஸ்ஹரின் ஷைக் தந்தாவியும் தாக்குதலைக் கண்டித்தனர். ஆனால், கண்டனத்தைவிட ஐயக் கதைகளே நம் தெருக்களில் விரைந்து பரவின.

அவற்றுள் ஒன்றை வாசகர் அறிவர். அன்று 4,000 யூதர்கள் வேலைக்கு வரவில்லை என்ற கதை. தாக்குதல் நடந்த ஒரு வாரத்துக்குள் லெபனானின் அல்-மனார் தொலைக்காட்சி அதைப் பரப்பியது. அதன் மூலத்தைத் தேடிப் போனால் வேறொரு செய்தி கிடைக்கிறது. அன்று அவ்விடங்களின் சுற்றுப்புறத்தில் இருந்திருக்கலாம் என்று கருதப்பட்ட 4,000 இஸ்ரேலியரின் பெயர்கள், அவர்கள் நலம் அறியும்பொருட்டு, இஸ்ரேலிய வெளியுறவு அமைச்சகத்தை எட்டின என்பதே அந்நாட்டு நாளேடு வெளியிட்ட செய்தி. அங்கே இருந்திருக்கலாம் என்று அஞ்சப்பட்டவர், கைமாறிக் கைமாறி, அங்கே வராதவர் ஆயினர். மத்ன் தலைகீழாயிற்று. உண்மையில் யூதர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே மாண்டனர். முஸ்லிம்களும் மாண்டனர்.

அக்கதையை நாமும் கேட்டோம். காலையில் ஹதீஸ் வகுப்பில் முப்ஹம் என்றால் என்ன என்று பாடம் நடத்திவிட்டு, அஸருக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் அதைக் கேட்டுத் தலையசைத்தோம். சொன்னவர் யார் என்று கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் அறியாமையன்று. கேட்க விரும்பவில்லை, அந்தக் கதை நமக்கு ஆறுதலாக இருந்தது. தீயவன் கொணரும் செய்தியைத் தெளிவாக விசாரியுங்கள் என்று அல்-ஹுஜுராத் அத்தியாயம் இட்ட கட்டளையை அன்று நாம் மீறினோம். வாஷிங்டனில் அமர்ந்திருந்தோர் தமக்கு வேண்டிய செய்தியைக் கைதியின் வாயிலிருந்து எடுத்ததற்கும், நாம் நமக்கு வேண்டிய செய்தியைத் தெருவிலிருந்து எடுத்ததற்கும் விளைவில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. நோயோ ஒன்றே. வரலாற்றாசிரியர் தவறுவதற்கு முதற்காரணம், தம் கட்சிக்கு இசைந்த செய்தியைச் சோதிக்காமல் ஏற்பதே என்று இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் காட்டியதும் இந்நோயைத்தான்.

ஆகவே இவ்வறிக்கையைப் படியுங்கள் என்றே சொல்வோம். அடிக்குறிப்புகளோடு சேர்த்துப் படியுங்கள். முதல் அத்தியாயத்தை மாண்டவர்களுக்காகப் படியுங்கள். 5, 7 ஆம் அத்தியாயங்களை ஒவ்வொரு வரிக்கும் அறிவிப்பாளர் யாரென்று கேட்டுப் படியுங்கள்.

இப்பொழுதெல்லாம் முப்ஹம் என்ற பாடத்துக்கு நாம் இரண்டு உதாரணங்கள் தருகிறோம். பாதுகாப்பு மன்றத்தில் பெயரின்றிப் பேசப்பட்ட கைதி, முதலாவது. பள்ளிவாசல் முற்றத்தில் நாம் கேட்ட 4,000, இரண்டாவது. முதலாவதைச் சொல்லும்போது மாணவர்கள் ஆர்வத்தோடு தலையசைக்கிறார்கள். இரண்டாவதைச் சொல்லும்போது வகுப்பில் ஓர் அமைதி. யாரேனும் ஒரு மாணவன் எழுந்து, “ஹஜ்ரத், அது உண்மையாகவும் இருக்கலாம் அல்லவா?” என்கிறான். உனக்கு அதைச் சொன்னவர் யார் என்று கேட்கிறோம். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.